முள்ளுக்கும் குலுக்கலுக்கும் நடுவே

காலிதாவின் சைக்கிளுக்குக் கெட்டி டயர் வந்து சேர்ந்த அன்றைக்குக் கடற்கரை ஊரான புதுமடத்தில் அவளைவிடச் சந்தோஷமான ஆள் யாரும் இருந்திருக்க முடியாது. சவூதியில், தம்மாமில் வேலை பார்க்கும் அவள் கணவன் அப்துல் குத்தூஸ், ஊருக்கு வந்த கூட்டாளி ஒருவனின் அட்டைப்பெட்டியில் பேரீச்சம்பழத்துக்கும் தலைவலித் தைலத்துக்கும் நடுவே சுருட்டி வைத்து அனுப்பியிருந்தான். உள்ளே டியூப் கிடையாது, காற்றும் கிடையாது. முழுக்க ஒரே ரப்பர். ஆணி ஏறினாலும் அதற்கு வலிக்காது. "இனிமே ஒன் ஆயுசுக்கும் பஞ்சர்ங்கிற பேச்சே இல்ல புள்ள" என்று போனில் சொன்னான். அவள் அதை நம்பியதோடு நிற்கவில்லை, தெரு முழுக்கச் சொல்லியும் முடித்துவிட்டாள்.

அவள் ஆடியதில் தப்பில்லை. உச்சிப்புளியில் இருக்கும் ஒரு சின்ன லேபுக்காக வீடு வீடாகப் போய் ரத்தம் எடுத்து வருவது அவள் வேலை. சர்க்கரைக்காரர்கள், சிறுநீரகம் பழுதானவர்கள், பஸ் ஏறி வந்து பெஞ்சில் காத்துக் கிடக்க முடியாதவர்கள் என்று ஏழு வலசைக் கிராமங்களில் நாற்பது வீடுகள் அவளை நம்பி இருந்தன. காலை ஐந்தரைக்கு ஐஸ் பெட்டியைக் கேரியரில் கட்டிக்கொண்டு கிளம்பினால், ஒன்பது மணிக்குள் அத்தனை குப்பிகளும் லேப் மேசையில் இருக்க வேண்டும். நடுவில் கிடப்பது சீமைக்கருவேலங்காடு. வெட்டிய கிளைகளைப் பாதை நெடுக இழுத்துப் போகிறவர்களுக்கு, உதிர்ந்த முள்ளைப் பொறுக்க நேரம் இருப்பதில்லை. செருப்பைத் துளைத்துக் காலைத் தொடும் முள் அது, சைக்கிள் டயர் எந்த மூலைக்கு? வாரத்தில் மூன்று நாள் பஞ்சர். ஸ்கூட்டி வாங்கித் தருவதாகக் குத்தூஸ் சொன்னபோது, "மணல்ல பொதஞ்சா அதத் தூக்கிட்டு நடக்க நீங்க வருவீங்களா மச்சான்?" என்று கேட்டு அவன் வாயை அடைத்திருந்தாள். சைக்கிள் என்றால் ஒற்றைத் தோளில் தூக்கிப் போட்டு நடந்துவிடுவாள். அதில் அவளுக்கு ஒரு திமிரும் உண்டு.

கெட்டி டயர் போட்ட பிறகு அவள் முள்ளைப் பார்த்து ஒதுங்கவே இல்லை. வேண்டுமென்றே ஏற்றினாள் என்றுகூடச் சொல்லலாம். ஒரு மாதம் ஓடியது, ஒரு பஞ்சர் இல்லை. எட்டே முக்காலுக்கெல்லாம் லேப் வாசலில் நிற்பாள். உடம்புதான் கொஞ்சம் நொந்தது. கல்லில் ஏறினால் பல்லும் பல்லும் மோதின, இடுப்பு விட்டுப்போனது. ஆனால் பஞ்சர் இல்லையே! அந்த ஒன்றுக்காக அவள் எதையும் பொறுத்துக்கொள்ளத் தயாராக இருந்தாள். பெட்டிக்குள் இருக்கும் ரத்தம் பொறுக்காது என்பது மட்டும் அவளுக்குத் தெரியவில்லை.

தெரிய வைத்தவர் கோரவலசை செல்லச்சாமி. எழுபது வயது, குண்டு மிளகாய் விவசாயம் பார்க்கிற சம்சாரி. சர்க்கரையால் சிறுநீரகம் பாதி கெட்டுப்போய், மாதம் ஒருமுறை ரத்தம் பார்க்க வேண்டியவர். பங்குனியில் காலிதா எடுத்துப்போன அவர் ரத்தத்தில் பொட்டாசியம் எக்கச்சக்கம் என்று லேபிலிருந்து போன் போனது. அது அளவு மீறினால் இதயம் திடீரென்று நின்றுவிடும் என்றார்கள். மருமகள் பானுப்பிரியா பதறிப்போய்க் கார் பிடித்து மாமனாரை மதுரைக்குக் கொண்டுபோனாள். அங்கே மறுபடி எடுத்துப் பார்த்தால் எல்லாம் சரியாக இருந்தது. முதல் ரத்தம் வரும் வழியில் கெட்டுப்போயிருக்கும் என்று சொல்லி இரண்டாம் நாள் அனுப்பிவிட்டார்கள். அந்த இரண்டு நாளில் கோரவலசையில் கோடை மழை கொட்டி, களத்தில் காயப்போட்ட மிளகாய் முழுக்க நனைந்து கறுத்துப்போனது.

சேதி தெரிந்த மறுநாளே காலிதா மன்னிப்புக் கேட்க ஓடினாள். அவர் அவளை வாசல் தாண்ட விடவில்லை.

"ஏ புள்ள, அங்கனயே நில்லு. இல்லாத நோவக் கொண்டாந்து குடுத்து, இருந்த மொளகாயக் கொண்டு போயிட்ட. இனிமே ஒன் ஊசி ஏங்கையில படாது. ரத்தப் பரிசோதனையும் வேணாம், ஒரு மண்ணும் வேணாம்."

"அய்யா, நான் சரியாத்தான் எடுத்தேன்…"

"சரியா எடுத்த லச்சணந்தான் களத்துல கெடக்கு, போய்ப் பாரு."

அவள் பார்த்தாள். பார்க்காமல் போயிருக்கலாம். திரும்பி வரும்போது கருவேலங்காட்டு நடுவே சைக்கிளை நிறுத்திவிட்டுக் கொஞ்சம் அழுதாள். பதினோரு வருஷமாக ஊசி பிடிக்கிறவள், நரம்பே தெரியாத கிழவிகளிடம்கூட ஒரே குத்தில் ரத்தம் எடுக்கிறவள். அவளைப் போய்!

லேபில் உமாமகேஸ்வரி காத்திருந்தாள். அங்கே பரிசோதனை பார்ப்பது அவள்தான். செல்லச்சாமியின் ரத்தம் வந்த அன்று அவள் விடுப்பு. மாற்றுக்கு வந்தவர் குப்பியைச் சரியாகப் பார்க்காமல் எந்திரம் சொன்ன எண்ணை அப்படியே எழுதிவிட்டார்.

"அக்கா, எப்படிச் சொல்றதுன்னு தயங்கிக்கிட்டே இருந்தேன். ஒரு மாசமாவே ஒங்க பெட்டியில வர்றதுல பத்துக்கு மூணுல ரத்தம் ஒடஞ்சு வருது" என்று, சுழற்றி வைத்திருந்த இரண்டு குப்பிகளைச் சன்னல் வெளிச்சத்தில் தூக்கிக் காட்டினாள். ஒன்றில் சிவப்பு அடியில் படிந்து, மேலே நின்ற நீர் வெளிர்மஞ்சளாகத் தெளிந்திருந்தது. மற்றதில் அந்த மேல்நீரே சிவந்துபோயிருந்தது. ரத்த அணுக்கள் உடைந்தால் அப்படித்தான் ஆகும், அணுவுக்குள் இருக்கும் பொட்டாசியம் வெளியே கொட்டி, இல்லாத ஆபத்தை இருப்பதாகக் காட்டும் என்றாள். "முதலாளிக்கும் தெரிஞ்சு போச்சு. இந்த மாசக் கடைசி வரைக்கும் பாப்பாராம். சரியாகலன்னா வீட்டுக்குப் போயி எடுக்குறதையே நிப்பாட்டிருவாராம். வேணுங்கிறவங்க இங்கன வந்து குடுத்துக்கட்டும்ங்கிறாரு."

"யாரு உமா வருவா? எந்திரிச்சு உக்காரவே ரெண்டு பேரு பிடிக்க வேண்டிய ஆளெல்லாம் எந்த பஸ்ல ஏறும்?"

உமா இரண்டு குப்பிகளையும் மேசையில் திருப்பி வைத்தாள்.

காலிதா ஊசியை மாற்றிப் பார்த்தாள். ஐஸைக் கூட்டினாள், குறைத்தாள். பெட்டிக்கு அடியில் பஞ்சு மெத்தை வைத்தாள், பெட்டி இன்னும் அதிகமாகத் துள்ளியது. எதுவும் உதவவில்லை. ஒரு மாதத்துக்கு முன்னால் மாறியது எது என்று யோசித்தபோது அவள் கண் தானாகச் சக்கரத்தில் போய் நின்றது. சீச்சீ, அதுவாக இருக்காது என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கடல் தாண்டி வந்த டயர், ஊரெல்லாம் பீற்றிக்கொண்ட டயர். இரண்டு நாள் அந்த ரோஷத்திலேயே ஓட்டினாள். மூன்றாம் நாள் லேபுக்குள் போய்ச் சட்டையின் கையைச் சுருட்டிக்கொண்டு உட்கார்ந்தாள்.

"உமா, ஏங்கையில ரெண்டு குப்பி எடு. ஒண்ணு இங்கனயே இருக்கட்டும். இன்னொண்ணு ஏங்கூட கோரவலசை வரைக்கும் போயிட்டு வரட்டும்."

ஒரே கை, ஒரே ஊசி, ஒரே நிமிஷத்தில் எடுத்த ரத்தம். மேசையில் இருந்தது தெளிந்து நின்றது. கெட்டி டயரில் பயணம் போய் வந்தது சிவந்து கிடந்தது. உமா வாயைப் பொத்திக்கொண்டாள். காலிதாவுக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. அன்று சாயங்காலமே கெட்டி டயரைக் கழற்றிச் சுவரோரம் போட்டாள். குத்தூஸிடம் போனில் சொன்னபோது அவன், "அப்ப நம்ம டயராலதான் அந்தப் பெரியவருக்கு…" என்று இழுத்தான். "டயரு மேல தப்பில்ல மச்சான், அது காய்கறி கொண்டு போக நல்ல டயரு" என்று சமாதானம் சொன்னாள்.

பழையபடி காற்று டயர் ஏறியது. ரத்தம் உடையவில்லை, டயர்தான் உடைந்தது. முதல் நாளே பின்சக்கரத்தில் இரண்டு முள். ஒன்பதே முக்காலுக்கு வியர்த்து விறுவிறுத்து வந்து சேர்ந்தவளையும் கடிகாரத்தையும் உமா மாறி மாறிப் பார்த்தாள். சைக்கிள் கடைக்காரர் வழக்கமாகச் செய்கிற வைத்தியத்தைச் செய்தார். பழைய டயரை வெட்டிப் பட்டையாக்கி, புது டயருக்கும் டியூபுக்கும் நடுவே வைத்துக் கொடுத்தார். முள் நின்றது. ஆனால் பட்டையின் கனத்தில் சக்கரம் தடக் தடக்கென்று அடித்தது, பத்துக்கு ஒரு குப்பி சிவந்தது. ஒன்று சிவந்தாலும் அது ஒரு ஆளின் ரத்தம். அவள் பட்டையைப் பிடுங்கி எறிந்தாள்.

அப்போதுதான் கடற்கரைக்காரியின் புத்தி வேலை செய்தது. மண்டபம் ஊரில் படகு பழுதுபார்க்கும் கொட்டகையில் இருக்கும் தம்பி பர்வேஸிடம் பழைய நைலான் வலை கேட்டாள். சுறாவே கடித்துக் கிழிக்கத் திணறும் வலை, முள் என்ன செய்துவிடும்? நாலு மடிப்பாக மடித்து டயருக்குள் சுற்றினாள். பஞ்சைப் போல லேசு, குலுக்கலே இல்லை. முழுசாக இரண்டு நாள் அவள் ராணி மாதிரி ஓட்டினாள். மூன்றாம் நாள் காலையில் நடுக்காட்டில் இரண்டு சக்கரமும் ஒரே நேரத்தில் படுத்துவிட்டன. தேடிப் பார்த்தால் ஒரு முள்கூட இல்லை. டியூபை உருவியபோது உள்ளங்கை அகலத்துக்குள்ளேயே ஐந்தாறு ஓட்டை. அத்தனையும் வலையின் முடிச்சுகள் உரசி உரசிப் போட்டவை. வெளியே இருக்கும் எதிரிக்குப் பயந்து உள்ளே நூறு எதிரியைக் குடிவைத்திருக்கிறாள்.

அன்று பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு நாலு கிலோமீட்டர் நடந்தாள். பர்வேஸ் கேட்டு வயிறு குலுங்கச் சிரித்தான். "ஏக்கா, மீனப் பிடிக்கிற வலையில காத்தப் பிடிக்கப் போயிருக்கியே!"

"சிரிடா, சிரி. மாசம் முடிய பன்னெண்டு நாளுதான் இருக்கு" என்றாள் அவள். பர்வேஸ் சிரிப்பை நிறுத்திக்கொண்டான்.

அந்த வெள்ளிக்கிழமை மதியம் தம்பிக்குச் சோறு கொண்டு போனவள் கொட்டகையிலேயே நின்றுவிட்டாள். ஒரு விசைப்படகை நீரிலிருந்து தூக்கிக்கொண்டிருந்தார்கள். அடிவயிறு முழுக்க ஒட்டிக்கிடந்த சிப்பிகள் தொட்டால் கையை வகுந்துவிடும் கூர்மை. அத்தனை பாரத்தையும் அந்தச் சிப்பிகள் மேலேயே ஒரு தட்டையான நெய்த பெல்ட் தாங்கிக்கொண்டிருந்தது. அறுபடவில்லை, ஒரு நூல்கூடப் பிரியவில்லை. முக்கியமாக, அதில் முடிச்சு இல்லை.

"ஏலே பர்வேஸு, இதுலயே மெலிசா இருக்குமா?"

இருந்தது. மீன் பெட்டிகளை லாரியில் இழுத்துக் கட்டுகிற பெல்ட், இரண்டு விரல் அகலம், செருப்பு வாரைவிட மெலிசு. வெயிலில் நைந்து கழித்துப்போட்டதில் நல்ல துண்டாகப் பார்த்து இரண்டு எடுத்துக்கொண்டாள். ஆனால் வலையில் பட்டவள் அல்லவா, இம்முறை அவசரப்படவில்லை. வெட்டிய முனைகளை மெழுகுவத்தியில் உருக்கி மழுக்கினாள். பெல்ட்டின் ஓரம் டியூபை அறுக்காமல் இருக்க, பழைய டியூபை நீளவாக்கில் கிழித்து அதற்கு ஒரு போர்வை போட்டாள். பிறகு காற்று. கடைக்காரர் கல்லாக அடித்துத் தருவதே நல்லது என்று இத்தனை நாள் நினைத்திருந்தாள். கல்லாக அடித்தால் கெட்டி டயருக்கும் அதற்கும் வித்தியாசமே இல்லை. ரொம்பக் குறைத்தால் கல்லில் ஏறும்போது ரிம் இறங்கி டியூபைக் கடிக்கிறது. கட்டைவிரலால் அமுக்கினால் ஒரு நெல் கனம் உள்ளே போக வேண்டும், அதற்கு மேல் கூடாது. இதைக் கண்டுபிடிக்க அவள் தன் கையிலிருந்தே இன்னும் மூன்று முறை ஜோடி ஜோடியாக ரத்தம் கொடுத்தாள். இடது கை முழுக்கப் பஞ்சு ஒட்டிக்கொண்டு திரிந்தாள்.

மூன்றாவது முறை போய் வந்த குப்பியை உமா வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். தெளிந்த மஞ்சள். மேசையில் இருந்த ஜோடிக் குப்பிக்கும் அதற்கும் எது எதுவென்று அவளுக்கே அடையாளம் தெரியவில்லை. காலிதாவுக்கு அந்த நிமிஷம் வந்த பெருமை, நர்ஸிங் சர்டிபிகேட் கையில் வாங்கிய அன்றுகூட வந்ததில்லை.

அதற்குப் பிறகு எட்டு நாள், ஐம்பத்து மூன்று குப்பி. ஒன்றுகூடச் சிவக்கவில்லை. சாயங்காலம் டயரைத் தடவிப் பார்த்தால் முள் ஏறி, பெல்ட்டில் முட்டி, மூக்கொடிந்து நின்றிருக்கும். இடுக்கியால் பிடுங்கிப் போட்டுவிட்டு மறுநாள் கிளம்புவாள். முதலாளி மட்டும் இன்னும் வாய் திறக்கவில்லை. மாசம் முடியட்டும் என்று இருந்தார்.

கடைசி நாளுக்கு முதல் நாள் பானுப்பிரியா பாதையில் மறித்தாள். "அக்கா, மாமாவுக்கு ரெண்டு நாளா காலு துவளுது. எந்திரிச்சா நிக்க முடியல. எந்தப் பரிசோதனையும் பொய்யின்னு சொல்லி, பத்தியத்துக்காக விட்டதையெல்லாம் திங்கிறாரு. வெயிலுக்கு எளநி நல்லதுன்னு தெனம் மூணு எளநி. சொன்னா கேக்க மாட்டேங்கிறாரு. நீங்க ஒருக்கா வாங்க."

காலிதாவுக்குச் சுருக்கென்றது. சிறுநீரகம் கெட்டவருக்கு இளநீரில் இருக்கும் பொட்டாசியம் ஆகாது. அவர் அதைக் குடிப்பது வெயிலுக்காக அல்ல, தன் பெட்டியில் கெட்டுப்போன ரத்தத்தின் மேல் உள்ள கோபத்தில் குடிக்கிறார். உடனே சைக்கிளைத் திருப்பினாள்.

செல்லச்சாமி கட்டிலில் கிடந்தார். அவளைப் பார்த்ததும் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார்.

"அய்யா, போன தடவ தப்பு ஏம்மேலதான். ரத்தத்தக் குலுக்கிக் கெடுத்துட்டேன். ஒங்க மொளகா போனதுக்கு என்னால ஈடு குடுக்க முடியாது. ஆனா இப்ப ஏஞ்சைக்கிள்ல குலுக்கல் இல்ல. என் ரத்தத்தையே எடுத்துட்டுப் போயி நாலு தடவ பாத்துட்டேன்." சட்டைக் கையைச் சுருட்டி, ஊசித் தழும்புகளைக் காட்டினாள்.

அவர் திரும்பி அந்தக் கையை வெகுநேரம் பார்த்தார். "பைத்தியக்காரப் புள்ள" என்று முணுமுணுத்தார். பிறகு கையை நீட்டினார். நீட்டக்கூடத் தெம்பில்லாமல் பானுப்பிரியா தாங்கிப் பிடிக்க வேண்டியிருந்தது.

எட்டு இருபதுக்கு லேப். ஐந்துக்குள் இருக்க வேண்டிய பொட்டாசியம், எந்திரம் காட்டிய எண் ஏழுக்கு மேலே. உமா முதலாளியைக் கூப்பிட்டாள். முதலாளி எட்டிப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார். "மறுபடியும் அதே ஆளு, அதே எண்ணு! போன தடவ பட்டது போதாதா? போன் பண்ணாதீங்க. நாளைக்கு வேற ஆளை அனுப்பி எடுத்துப் பாப்போம்."

காலிதா மேசையிலிருந்து குப்பியை எடுத்தாள். சன்னலோரம் போய்த் தூக்கிப் பிடித்தாள். மேல்நீர் கொஞ்சமும் சிவக்காமல் தெளிந்து நின்றது.

"சார், இது ஒடஞ்ச ரத்தம் இல்ல. நீங்களே பாருங்க. நாளைக்கு எடுக்கலாம், எடுக்குறதுக்கு அய்யா இருக்கணுமே."

"தப்பாப் போச்சுன்னா?"

"தப்பாப் போச்சுன்னா இந்த லேப் வாசல்ல நான் மிதிக்க மாட்டேன். என் பேரச் சொல்லியே போன் பண்ணுங்க."

அவர் பண்ணவில்லை. உமா பண்ணினாள், முதலாளி முகத்தைப் பார்த்துக்கொண்டே.

ராமநாதபுரம் ஆஸ்பத்திரிக்கு அவர்கள் போய்ச் சேர்ந்து தகவல் வரும்வரை காலிதா லேப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். குடிக்கத் தண்ணீர் கொடுத்தபோதும் வாங்கவில்லை. யா அல்லாஹ், அவருக்கு நோய் இருக்க வேண்டும் என்று கேட்கவும் முடியவில்லை, இருக்கக் கூடாது என்று கேட்கவும் முடியவில்லை. அவர் பிழைக்க வேண்டும் என்று மட்டும் கேட்டாள். பதினோரு மணிக்கு உமாவின் போன் அடித்தது. பானுப்பிரியா மூச்சு வாங்கப் பேசினாள். நெஞ்சுத் துடிப்பைப் படம் எடுத்ததுமே ஊசி போட ஆரம்பித்துவிட்டார்கள். அங்கே எடுத்த ரத்தத்திலும் கிட்டத்தட்ட அதே எண். சாயங்காலம் வரை விட்டிருந்தால் ஆள் மிஞ்சியிருக்க மாட்டார் என்று டாக்டர் சொன்னாராம்.

முதலாளி எழுந்து உள்ளே போனார். கொஞ்ச நேரம் கழித்து வெளியே வந்து, "இன்னும் மூணு வலசைக்காரங்க வீட்டுக்கு வரச் சொல்லிக் கேட்டுக்கிட்டே இருக்காங்க. முடியுமா காலிதா?" என்றார். அந்த லேபில் சேர்ந்த நாலு வருஷத்தில் அவர் அவளிடம் முடியுமா என்று கேட்டது அன்றுதான்.

ஐந்தாம் நாள் பானுப்பிரியா மறுபடி போனில் கூப்பிட்டாள். "அக்கா, மாமா ஆஸ்பத்திரியில கைய நீட்ட மாட்டேங்கிறாரு. இவங்க எடுக்குற ரத்தத்த நம்ப மாட்டாராம். சைக்கிள்காரப் புள்ள வந்து எடுத்தாத்தான் உண்டாம். நீங்களே பேசுங்க."

காலிதாவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது, கண்ணிலும் பொத்துக்கொண்டு வந்தது. "அய்யா, இப்பக் கைய நீட்டுங்க. நாளக்கழிச்சு வீட்டுக்கு வந்துருவீங்கள்ல, அதுக்கு மக்யா நாள் காலையில நான் வாரேன்."

"எத்தன மணிக்கு வருவ?"

"ஆறு மணிக்கு."

"காட்ட வெட்டிக்கிட்டு இருக்கானுகன்னு சொன்னாக. பாதை பூராம் முள்ளு கெடக்குமே தாயி."

"கெடந்துட்டுப் போகுது அய்யா. நான் ஆறு மணின்னு சொன்னா ஆறு மணிதான்."